டிக்கெட் மலிவு, சாலை நீளம்: செந்தூல் வீடுகளும் சிப்பாங் விமான நிலையமும் கெந்திங் மலையும்

திருச்சியிலிருந்து நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானம் சிப்பாங்கில் தரையிறங்கும்போது மலேசியாவில் பொழுது விடிந்துகொண்டிருக்கும். ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். இறங்கியதும் கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்க வேண்டும். விமான நிலையக் கடிகாரம் காலை 7 மணி என்று காட்டினாலும், வந்திறங்கியவரின் உடம்புக்கு அது இன்னும் நாலரை மணிதான். வெளியே செந்தூலிலிருந்து வந்த உறவுக்காரர் வேனோடு காத்திருப்பார். அவரும் நாலரைக்கே எழுந்தவர். "வாங்க, வாங்க, தூங்கினீங்களா?" என்பார். "பரவாயில்ல மாமா, வண்டியில தூங்கிக்கிறோம்" என்று பதில் வரும். வண்டி ஓட்டுகிறவர் எங்கே தூங்குவது என்று யாரும் கேட்பதில்லை.

அன்றைய நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். சிப்பாங்கிலிருந்து நேராகப் பத்துமலை. முருகன் தரிசனம் முடிந்து செந்தூல் வீட்டில் பசியாறல். வெயில் ஏறுவதற்குள் கோம்பாக் டோல் தாண்டி கெந்திங் மலை. பிள்ளைகள் வருவதே அதற்காகத்தான். கடல் மட்டத்தை ஒட்டிய சிப்பாங்கில் காலை 7 மணிக்கு ஏறியவர்கள், நண்பகலில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்துக்குள் நிற்பார்கள். இடையில் ஓடிய தூரம் நூறு கிலோமீட்டருக்கும் அதிகம்.

மலிவுக் கட்டண விமானம் வந்த பிறகு பயணச் செலவு குறைந்துவிட்டது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். டிக்கெட்டின் விலை குறைந்தது உண்மை. ஆனால் அந்த மிச்சத்தில் ஒரு பகுதி சாலைக்கு இடம் மாறியிருக்கிறது. பெட்ரோலாகவும் டோலாகவும் தூக்கம் கெட்ட இரவாகவும் அதைச் செலுத்துகிறவர், பெரும்பாலும் டிக்கெட் வாங்கியவர் அல்லர், செந்தூலில் வேன் வைத்திருக்கும் மாமாதான். இந்தக் கணக்கு எப்படி ஏற்பட்டது என்பதை அறிய, செந்தூலில் விமானச் சத்தம் கேட்டாலே மக்கள் ஓடி ஒளிந்த காலத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ரஜூலா ஓடிய காலம்

செந்தூல் இரயில்வே ஊர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்றைய மலாய்க் கூட்டு மாநிலங்களின் இரயில்வே தன் மத்தியப் பணிமனையை இங்கே அமைத்தது. இஞ்சின்களைப் பழுது பார்க்கவும் பெட்டிகளைச் செப்பனிடவும் தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் இதைச் சுற்றிக் குடியேறினார்கள். ஈப்போ சாலைத் தண்டாயுதபாணி ஆலயமும், தம்புசாமிப் பிள்ளை தமிழ்ப்பள்ளியும், அந்தோணியார், சூசையப்பர் என்று பெயர் சூட்டப்பட்ட பிள்ளைகளின் குடும்பங்களும் இந்த ஊரின் அடையாளங்களாயின. 1945இல், ஜப்பானியர் ஆட்சியின் கடைசி மாதங்களில், நேச நாடுகளின் குண்டுவீச்சு விமானங்கள் இந்தப் பணிமனையைக் குறிவைத்துத் தாக்கின. செந்தூலின் மூத்த தலைமுறைக்கு விமானம் முதலில் அறிமுகமானது அப்படித்தான்.

அந்தத் தலைமுறைக்கு ஊர்ப்பயணம் என்றால் கப்பல்தான். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா, சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கோடும் போர்ட் சுவெட்டன்ஹாமோடும் சிங்கப்பூரோடும் இணைத்து 1973வரை ஓடியது. இன்று போர்ட் கிள்ளான் என்று அழைக்கப்படும் அந்தத் துறைமுகம் செந்தூலிலிருந்து தூரம்தான். ஆனாலும் இரயில்வே ஊர்க்காரர்களுக்கு அங்கே போய்ச் சேருவது ஒரு கவலையாகவே இருந்ததில்லை. தண்டவாளம் செந்தூலிலிருந்து துறைமுகம்வரை போனது. டிரங்குப் பெட்டியைத் தூக்கி இரயிலில் வைத்தால் போதும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தூரம் அப்போதும் இருந்தது. அந்தத் தூரத்தைக் கடக்கும் பொறுப்பு உறவுக்காரர் தலையில் விழவில்லை.

பக்கத்தில் விமானம், எட்டாத டிக்கெட்

கோலாலம்பூருக்கு முறையான விமான நிலையம் 1952இல் சுங்கை பீசியில் வந்தது. செந்தூலிலிருந்து நகரின் மறுமுனைக்குப் போகும் தூரம்தான், அவ்வளவே. ஜெட் விமானங்களுக்கு அந்த ஓடுபாதை போதாமல் போனபோது, 1965 ஆகஸ்டு 30ஆம் தேதி சுபாங் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. தென்கிழக்கு ஆசியாவிலேயே நீளமான ஓடுபாதை என்று அன்று பெருமையாகப் பேசப்பட்ட இடம் அது. சுபாங்கும் செந்தூலிலிருந்து இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான்.

சுபாங் காலத்தைப் பற்றி ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் கேட்டால், பயணத்தை விட்டுவிட்டு வழியனுப்பியதைத்தான் சொல்வார்கள். ஒருவர் பறப்பதற்கு இருபது பேர் போவார்கள். மாலை, சந்தனம், பொட்டலம் கட்டிய எலுமிச்சைச் சோறு எல்லாம் கூடவே போகும். மேல்மாடியில் நின்று விமானம் கண்ணுக்கு மறையும்வரை கையசைத்துவிட்டு வீடு திரும்புவார்கள். மாஸ் விமானத்திலோ ஏர் இந்தியாவிலோ சென்னைக்குப் போய்வரும் டிக்கெட், பணிமனைத் தொழிலாளியின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். சாவுக்கும் கல்யாணத்துக்கும் பறப்பார்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுவதற்காக யாரும் பறந்ததில்லை.

விளையாட்டு அப்போது பக்கத்திலேயே கிடைத்தது. கோம்பாக் பழைய சாலையில் 1975இல் மிமாலாண்ட் திறக்கப்பட்டது. மலேசியாவின் முதல் கேளிக்கைப் பூங்கா அதுதான். பெரிய நீச்சல் குளம், சறுக்கு மரம், காட்டுக்குள் சிமெண்டில் செய்து நிறுத்திய டைனோசர்கள். செந்தூலிலிருந்து காரில் அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம். தீபாவளி முடிந்த வார இறுதியில் வாடகை பஸ் பிடித்து ஒரு தெருவே அங்கே போய்வரும். நிலச்சரிவு அந்த வட்டாரத்தைப் பாதித்ததைத் தொடர்ந்து 1994இல் மிமாலாண்ட் மூடப்பட்டது. அந்த டைனோசர்களின் முன்னால் நின்று எடுத்த, நிறம் மங்கிய படம் ஒன்று இல்லாத குடும்ப ஆல்பம் செந்தூலில் அபூர்வம்.

அதே பழைய சாலையில் இன்னும் மேலே போனால் கெந்திங் செம்பா. அங்கிருந்துதான் லிம் கோ தோங் என்ற குத்தகையாளர் 1965 ஆகஸ்டில் மலையுச்சிக்குச் சாலை வெட்டத் தொடங்கினார். கேமரன் மலையில் மின்நிலையப் பணியில் இருந்தபோது குளிர்காற்றை அனுபவித்தவருக்கு, தலைநகருக்குப் பக்கத்திலேயே இப்படி ஓரிடம் வேண்டும் என்று தோன்றியதாம். 1969 மார்ச் 31ஆம் தேதி துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்டினார். 1971 மே மாதம் முதல் ஹோட்டல் திறக்கப்பட்டது. காட்டைப் பிளந்து போட்ட அந்தச் சாலைதான் கெந்திங்கின் உண்மையான முதலீடு. ஹோட்டலும் சூதாட்ட விடுதியும் பூங்காவும் அதன் மேல் வந்தவை. சுரங்கப்பாதையோடு கூடிய காராக் நெடுஞ்சாலை 1970களின் இறுதியில் வந்தது. 1985இல் புரோட்டோன் சாகா அறிமுகமானது. கொஞ்சம் கொஞ்சமாகச் செந்தூல் குடும்பங்களும் சொந்த வண்டியில் மலையேறத் தொடங்கின.

இப்படியாக 1980களில் ஒரு விசித்திரமான நிலை இருந்தது. விமான நிலையம் பக்கம், பூங்கா பக்கம், டிக்கெட் மட்டும் எட்டாத உயரம்.

தோட்டங்களைத் தாண்டிப் போன விமான நிலையம்

1990களில் நாடு பெரிதாகக் கனவு கண்டது. சிப்பாங்கில் ஏறத்தாழ 10,000 ஹெக்டர் நிலம் புதிய விமான நிலையத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. ரப்பரும் செம்பனையும் விளைந்த தோட்டப் பகுதி அது. பக்கத்தில் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா எழுந்த நிலத்துக்கும் முன்னர் பேராங் பெசார் தோட்டம் என்று பெயர். அங்கே பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலுக்கு மாற்றப்பட்டன. இன்று விமான நிலையத்துக்கு விரையும் வண்டிகளில் இருப்பவர்கள், ஜன்னலுக்கு வெளியே தெரியும் செம்பனை வரிசைகளைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். அந்த வரிசைகளுக்கு நடுவே லயங்கள் இருந்ததை எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் 1998 ஜூன் மாதக் கடைசியில் திறக்கப்பட்டது. நகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அதே 1998 டிசம்பரில் எல்ஆர்டி இரயில் செந்தூல் தீமோர் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. விமான நிலையம் தெற்கே ஓடிப்போன ஆண்டில் செந்தூலுக்கு நகர இரயில் கிடைத்தது ஒரு தற்செயல்தான், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்க மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. 2002இல் விமான நிலைய விரைவு இரயில் ஓடத் தொடங்கியது. கேஎல் சென்ட்ரலிலிருந்து 28 நிமிடம், தொடக்கக் கட்டணம் 35 ரிங்கிட். கொட்டாவி விடுவதற்குள் போய்ச் சேர்க்கும் இரயில்தான். ஐந்து பேர் கொண்ட குடும்பம் அந்தக் கட்டணத்தை ஐந்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு, மாமாவுக்குத் தொலைபேசி போட்டது.

இந்த நேரத்தில்தான் ஏர் ஆசியா வந்தது. கடனில் மூழ்கியிருந்த அந்த நிறுவனத்தை 2001இல் டோனி பெர்னாண்டஸ் குழுவினர் ஒரு ரிங்கிட் கொடுத்து வாங்கிய கதை ஊரறிந்தது. கடன் மட்டும் 40 மில்லியன் ரிங்கிட். வெறுமையாகக் கிடந்த சுபாங்கைத் தங்களுக்குத் தரும்படி அந்த நிறுவனம் கேட்டது. அரசாங்கம் மறுத்துவிட்டது. சிப்பாங்கில் கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு விமான நிலையம் கட்டிய பிறகு, பயணிகளைப் பழைய இடத்துக்குத் திருப்ப எந்த அரசாங்கமும் தயங்கும். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் அப்போது பேசப்படாமல் போனது.

சுபாங்குக்குப் பதிலாக 2006 மார்ச் 23ஆம் தேதி சிப்பாங்கிலேயே மலிவுக் கட்டண விமான முனையம் திறக்கப்பட்டது. எல்சிசிடி என்ற நான்கெழுத்து அன்று முதல் எல்லார் வாயிலும் புழங்கியது. விமானத்தோடு இணைக்கும் நடைபாலம் கிடையாது. வெயிலானால் வெயில், மழையானால் குடை, தார்த்தளத்தில் நடந்துதான் ஏற வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கான விமான நிலையக் கட்டணம் முதன்மை முனையத்தில் 51 ரிங்கிட்டாக இருந்தபோது இங்கே 25 ரிங்கிட். அந்த 26 ரிங்கிட் மிச்சத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தால் இரயில் இல்லை. முதன்மை முனையத்திலிருந்து ஓடுபாதைகளைச் சுற்றிக்கொண்டு சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி இந்த முனையம் இருந்தது. கேஎல் சென்ட்ரலுக்கு எட்டு, ஒன்பது ரிங்கிட்டில் பஸ் கிடைத்தது. தனியாக வந்த இளைஞர்கள் அதில் ஏறிப் போனார்கள். பாட்டி, கைக்குழந்தை, நான்கு பெட்டி என்று வந்த குடும்பத்துக்கு அது சரிப்படவில்லை.

2008 டிசம்பரில் திருச்சிக்கு நேரடி மலிவு விமானம் தொடங்கியதும் நிலைமையே மாறியது. தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் வேர் கொண்ட செந்தூல் குடும்பங்களுக்குச் சென்னைவரை போய் இரவு முழுக்கப் பஸ்ஸில் ஊர் திரும்பும் வேலை மிச்சமானது. போவது மட்டுமா? அங்கிருந்து வருவதும் தொடங்கியது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை சாவு வீட்டில் பார்த்துக்கொண்ட உறவுகள் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்து இறங்கின. இதை ஒரு சாதாரண வணிக மாற்றமாகப் பார்த்துவிட முடியாது. ரஜூலா நின்று போன பிறகு அறுந்துகொண்டிருந்த ஓர் இழையை அந்த விமானம் மறுபடி முடிச்சுப் போட்டது. எல்சிசிடியைக் குறை சொல்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உலகெங்கும் இதே கதை

தூரத்தில் இறக்கிவிட்டு மலிவாகப் பறக்க வைப்பது மலேசியாவின் கண்டுபிடிப்பு அல்ல. ஐரோப்பாவில் ரயன்ஏர் நிறுவனம் பாரிஸ் பயணிகளை இறக்குவது போவே நகரத்தில். பாரிஸ் அங்கிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல். 1992இல் திறந்த டிஸ்னிலாண்டுக்குப் போகிறவர்கள் பாரிஸையும் தாண்டிக் கிழக்கே போக வேண்டும் என்பதால் நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையில் ஓட வேண்டியிருக்கும். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் என்று பெயர் சூட்டப்பட்ட ஹான் விமான நிலையம் பிராங்க்பர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அமெரிக்க விமானப்படை விட்டுப் போன தளம் அது.

அமெரிக்காவின் புளோரிடாவிலும் அப்படித்தான். 1971இல் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் பக்கத்தில் ஆர்லாண்டோ பெரிய விமான நிலையம் இருந்தாலும், வடக்கே சான்போர்டில் பழைய கடற்படை விமானத் தளத்தில் சுற்றுலா விமானங்களும் பிற்பாடு மலிவு விமானங்களும் இறங்கின. அங்கிருந்து பூங்காவுக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல். பிரிட்டனிலிருந்து வந்த குடும்பங்கள் எட்டு, ஒன்பது மணி நேரம் பறந்து வந்து, வாடகைக் காரை எடுத்து, தங்கள் ஊர்ப் பழக்கத்துக்கு நேர்மாறாகச் சாலையின் வலப்பக்கத்தில், அரைத்தூக்கத்தில் ஓட்டிக்கொண்டு போயின.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஓட்டியவர் விடுமுறைக்கு வந்தவரே. டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததும் அவர், சாலையில் இழந்ததும் அவர். கணக்கு ஒரே பையில் முடிந்தது. செந்தூலில் மிச்சம் ஒரு பையிலும் செலவு இன்னொரு பையிலும் விழுந்தது.

மாமாவின் வேன்

செந்தூலில் வேன் வைத்திருப்பவர் பாடு தனி. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் பழைய வெனெட்டோ, ஏழு பேர் உட்காரும் கம்பத்து வண்டியோ எதுவாக இருந்தாலும், உறவில் யாருக்கு விமானம் என்றாலும் அழைப்பு அவருக்குத்தான். விடியற்காலை விமானத்துக்கு நள்ளிரவு தாண்டியே புறப்பட வேண்டும். நள்ளிரவு விமானத்துக்கு விடியும்வரை தூங்க முடியாது. மலிவு டிக்கெட்டுகள் இந்த இரண்டு நேரங்களில்தான் அதிகம் கிடைக்கும். விமானத்தை இரவும் பகலும் தரையில் நிறுத்தாமல் ஓட்டுவதால்தான் கட்டணத்தைக் குறைக்க முடிகிறது. ஆகவே அகால நேரம் என்பது மலிவின் அடிப்படை விதி. அதை யாரும் சதி செய்து வைக்கவில்லை.

விமானம் தாமதமானால் வேன் வைத்திருப்பவரும் தாமதம். ஒருவழி டோல், திரும்பும் வழி டோல், வண்டி நிறுத்தக் கட்டணம், பெட்ரோல். உறவுக்காரர் பணம் நீட்டினால் "என்ன மாப்பிள்ள, வேத்து ஆளா நானு?" என்று கையைத் தள்ளிவிட வேண்டும். அப்படித் தள்ளிவிடாவிட்டால் அடுத்த கல்யாணத்தில் அந்தப் பேச்சு வரும். மறுநாள் காலை 7 மணிக்கு அவருக்கு வேலை. இதையெல்லாம் எந்தப் பயண விளம்பரமும் போட்டுக் காட்டுவதில்லை. காட்ட முடியாது, ஏனென்றால் அந்தச் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

வீட்டுப் பெண்களின் பங்கு இதைவிட மறைவானது. கூடத்தில் பாய் விரிப்பது, அகால நேரத்தில் சமைப்பது, மலைக் குளிருக்கு அக்கம்பக்கத்தில் கம்பளிச் சட்டை இரவல் வாங்கி வைப்பது, வளைவுகளில் குமட்டும் பிள்ளைகளுக்குப் புளிப்பு மிட்டாயும் பிளாஸ்டிக் பையும் எடுத்து வைப்பது. ஹோட்டல் செலவு மிச்சம் என்று விருந்தாளிகள் சொல்லும்போது, மிச்சமானது இவர்களின் உழைப்பில் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

பத்துமலையின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006 ஜனவரியில் திறக்கப்பட்டது. எல்சிசிடி திறந்தது அதே ஆண்டு மார்ச். தமிழகத்தில் அந்தச் சிலையின் படத்தைப் பார்த்தவர்களுக்கு மலிவாக வந்து பார்க்க வழியும் 2008 டிசம்பரில் கிடைத்துவிட்டது. சிப்பாங்கிலிருந்து கெந்திங்குக்குப் போகிற வழியில் எம்ஆர்ஆர்2 சாலையில் கொஞ்சம் ஒதுங்கினால் சிலை. புண்ணியமும் பொழுதுபோக்கும் ஒரே டோலில் முடிகிறது என்று செந்தூலில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மலைச் சாலையின் கணக்கு

வேடிக்கை கோம்பாக் டோல்வரைதான். அதற்கு மேல் காராக் நெடுஞ்சாலை ஏறத் தொடங்குகிறது. செந்தூலைத் தொட்டுக்கொண்டு போகும் டியூக் நெடுஞ்சாலை 2009இல் திறந்த பிறகு அங்கே போய்ச் சேருவது சுலபமானது. சுலபமானதால் ஆபத்து குறைந்தது என்று சொல்ல முடியாது.

1995 ஜூன் 30ஆம் தேதி கெந்திங்குக்குப் பிரியும் சாலையில் மண்ணும் மரமும் சேர்ந்த வெள்ளம் வண்டிகளை அடித்துச் சென்றதில் 20 பேர் இறந்தார்கள். 2013 ஆகஸ்டு 21ஆம் தேதி மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பஸ் ஒன்று பள்ளத்தாக்கில் விழுந்தது. பஸ்ஸில் இருந்த 53 பேரில் 37 பேர் இறந்தார்கள். நாட்டின் சாலை விபத்துகளில் மிகக் கொடியதாக அது பதிவானது. பஸ்களின் பிரேக் நிலை, ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கை, ஓட்டுநர்களின் ஓய்வு நேரம் எல்லாம் அதன் பிறகு தீவிரமாக விவாதிக்கப்பட்டன. நல்லதுதான். ஆனால் பஸ் ஓட்டுநருக்கு ஓய்வு நேரம் பற்றிச் சட்டம் பேசலாம். விடியற்காலை நாலரைக்கு எழுந்து சிப்பாங் போய், பத்துமலையில் நின்று, மலையேறி, மாலையில் மூடுபனிக்குள் இறங்குகிற மாமாவுக்கு எந்த நேர அட்டவணையும் இல்லை. அவர் அன்று பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்து ஓட்டியவர்.

இறக்கத்தில் அவர் செய்ய வேண்டியது என்ன என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சொல்வார்கள். கியரைக் குறைத்து இஞ்சினின் இழுவையிலேயே வண்டியைப் பிடித்து வர வேண்டும். காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தால் அது சூடேறி, கடைசி வளைவுகளில் பிடிக்காமல் போகும். ஆட்டோ கியர் வண்டியிலும் கீழ் கியருக்கு மாற்றும் வசதி உண்டு. தட்டையான நகரச் சாலையிலேயே ஓட்டிப் பழகியவர்கள் அதைத் தொட்டதே இருக்காது. எட்டுப் பேரும் பெட்டிகளும் நிறைந்த வேனில் இது இன்னும் முக்கியம். தூக்கக் கலக்கத்தில் முதலில் மறந்து போவதும் இதுதான்.

இத்தனைக்கும் மலையேற வேறு வழி இருக்கிறது. கோம்பாக் எல்ஆர்டி நிலையத்திலிருந்து பஸ், மலையின் இடையிலிருந்து கேபிள் கார். பிள்ளைகள் கேபிள் காரைத்தான் விரும்புவார்கள். ஆனாலும் வந்தவர்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் செந்தூல் வீடுகளில் இன்னும் போகவில்லை. விருந்தோம்பல் நல்ல குணம்தான். அது தூங்காத ஓட்டுநரின் கையில் எட்டு உயிரைக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இரயில் வந்த பிறகு

2014 மே 2ஆம் தேதி கேஎல்ஐஏ2 திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 45 மில்லியன் பயணிகளைத் தாங்கக்கூடிய முனையம். ஒரு வாரத்தில் எல்சிசிடி மூடப்பட்டது. குடை பிடித்து விமானம் ஏறிய காலம் முடிந்தது. முனையத்துக்குள் நடக்க வேண்டிய தூரம் பற்றி வேறு புலம்பல் தொடங்கியது, அதை விட்டுவிடலாம். முக்கியமானது, விமான நிலைய இரயில் முதல் முறையாக மலிவு விமானப் பயணியின் காலடிவரை வந்தது. இப்போது இரண்டாம் முனையம் என்று அழைக்கப்படும் அங்கே இரயில் ஏறி, பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கி எல்ஆர்டிக்கு மாறினால், அதே வண்டி செந்தூல் தீமோர்வரை கொண்டுவந்து விடும். ரஜூலா காலத்துக்குப் பிறகு செந்தூல் வாசலிலிருந்து கடல் கடந்த பயணத்துக்கு மறுபடி தண்டவாளம் கிடைத்துவிட்டது என்றே சொல்லலாம்.

ஆனாலும் வேன்கள் ஓய்வு பெறவில்லை. விரைவு இரயிலின் கட்டணம் 2016 ஜனவரி முதல் பெரியவர் ஒருவருக்கு 55 ரிங்கிட். ஐந்து பேருக்கு 275. எல்ஆர்டிக்கு மாறிப் போகும் வழி இதைவிட மலிவு, ஆனால் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படிகளில் ஏறி இறங்க வேண்டும். முதல் இரயிலுக்கு முன்பே இறங்கும் விமானங்களும், கடைசி இரயில் போன பிறகு இறங்கும் விமானங்களும் இருந்துகொண்டே இருக்கின்றன.

மலையில் மட்டும் சில ஆண்டுகள் வேறு விதமான ஏமாற்றம் காத்திருந்தது. கெந்திங்கின் பழைய வெளிப்புறப் பூங்கா 2013 செப்டம்பரில் மூடப்பட்டது. அதன் இடத்தில் வரவேண்டிய ஹாலிவுட் பூங்கா ஒப்பந்தத் தகராறில் சிக்கி வழக்குவரை போனது. ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற பெயரில் புதிய பூங்கா திறந்தது 2022 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட எட்டரை ஆண்டுகளில் ராட்டினம் தேடி வந்த பிள்ளைகள் உள்ளரங்க விளையாட்டுகளையும் மூடுபனியையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். 2023 டிசம்பர் 1ஆம் தேதி முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்று அறிவிக்கப்பட்டபோது, செந்தூலில் தொலைபேசிகள் மறுபடி அடிக்கத் தொடங்கின.

சுபாங் கதைக்கும் ஒரு சிறு தொடர்ச்சி உண்டு. நீண்ட காலம் சிறிய விமானங்களுக்கு மட்டுமே திறந்திருந்த அந்த ஓடுபாதையில் 2024 ஆகஸ்டில் ஜெட் பயணிகள் விமானங்கள் மறுபடி இறங்கின. இருபது ஆண்டுகளுக்கு முன் கேட்டும் கிடைக்காத இடத்துக்கு ஏர் ஆசியாவும் வந்தது, கோத்தா கினபாலுவுக்கும் கூச்சிங்குக்கும் பறந்தது. 2025 ஏப்ரலில் அந்தச் சேவைகளை நிறுத்திக்கொண்டு சிப்பாங்குக்கே திரும்பிவிட்டது. செந்தூலிலிருந்து அரைமணி நேரத்தில் போய்ச் சேரும் விமான நிலையத்தில் திருச்சி விமானத்தை எதிர்பார்த்து மாலையோடு நின்ற ஆசை, ஆசையாகவே நிற்கிறது.

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. திருச்சிப் பக்கத்திலிருந்து அழைப்பு வரும். "மாமா, டிக்கெட் ரொம்ப மலிவாக் கிடைச்சிருச்சு. காலைல வந்து இறங்குறோம். ஏர்போர்ட்டுக்கு வந்துருவீங்கல்ல?"

"வராம எங்க போறேன்" என்பார் மாமா. பிறகு டச் அண்ட் கோ அட்டையில் பணம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேனுக்குப் போவார்.